கழுத்தை மடக்கிப் பறந்த பறவை

எழில்தான் உங்களை இங்க அனுப்பினானா? அப்படித்தான் இருக்கும். ‘எங்க அத்தான் மருந்துக்கடையில இருப்பாரு, முப்பத்தோரு வருஷத்து நோட்டு வச்சிருக்காரு, அவரைக் கேக்காம ஒரு குருவியைக்கூடப் பட்டியல்ல ஏத்தாதீங்க’ன்னு சொல்லியிருப்பான். சொன்னானா? தெரியும். எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றான். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க. நாலு மணி வரைக்கும் கூட்டம் வராது.

கடலோரப் பறவைகளைப் பத்திப் புஸ்தகம் போடுறீங்க. இந்தக் கரைக்கு எது எது வந்திருக்கு, எந்த வருஷம், யார் பாத்தது. அதானே? எல்லாம் இருக்கு. பதினாலு நோட்டு. இருநூத்திப் பதினெட்டு வகைப் பறவை. வேதாரண்யத்துல வேற யார்கிட்டயும் இது கிடையாது. எழில்கிட்டயும் கிடையாது.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எழிலரசன் என் மனைவியோட கூடப்பிறந்த தம்பி. அவன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, அத்தானுக்கு மச்சினன் மேல வயித்தெரிச்சல்னு. வயித்தெரிச்சலுக்கு இந்தக் கடையில நாலு விதமா மாத்திரை இருக்கு. எனக்கு எதுக்கு அது?

நான் ஆரம்பிச்சப்ப இந்த ஊர்ல பைனாகுலர் வச்சிருந்த ஒரே ஆள் நான்தான். பர்மா பஜார்ல வாங்கினது. இதோ பாருங்க. வலது பக்கக் கண்ணாடியில பூஞ்சை பிடிச்சுப் பத்து வருஷம் ஆச்சு, இடது கண்ணால மட்டும்தான் பாப்பேன். போதும். பறவையைக் கண்ணாலயா பாக்குறோம்? அனுபவத்தால பாக்குறோம். இவன் நாலு வருஷம் முன்னாடி சிங்கப்பூர்லேர்ந்து வந்தான், கப்பல் பட்டறை வேலை போதும்னு. இந்த நீளத்துக்கு ஒரு கேமரா. மூணு காலு ஸ்டாண்டு வச்ச ஒரு டெலஸ்கோப். வந்த மூணாவது ஞாயித்துக்கிழமை, ‘அத்தான், நானும் வரேன், சும்மா வேடிக்கை பாக்க’ன்னு கூட வந்தான்.

நண்டுதின்னின்னு ஒரு பறவை இருக்கு, உங்களுக்குத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமா, தடிச்ச அலகு. அதுக்காக நான் பதினோரு வருஷம் இந்தக் கரையை நடந்திருக்கேன். பதினோரு வருஷம்ங்க. இவன் நின்னுக்கிட்டு, ‘அத்தான், அங்க கறுப்பு வெள்ளையா நிக்குதே, அது என்ன?’ன்னு கேக்குறான். நான் அதுக்கு எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அது பேப்பர்ல வந்துச்சு. ‘சிங்கப்பூரிலிருந்து திரும்பிய இளைஞரின் கேமராவில் சிக்கிய அரிய பறவை.’ இளைஞராம். முப்பத்தெட்டு வயசு. கூட நின்னு பேரு சொல்லிக் குடுத்தவனைப் பத்தி ஒரு வரி இல்ல. நான் அதையெல்லாம் எதிர்பாக்குற ஆள் இல்ல, இருந்தாலும் சொல்றேன். என் படமும் ஒரு தடவை பேப்பர்ல வந்திருக்கு, மருந்து வணிகர் சங்கத்துக் கூட்டத்துல எடுத்தது. அதுல என் தலை பாதிதான் இருக்கும்.

மலர்க்கொடி, என் மனைவி, தம்பி படத்தை வெட்டி பிரிட்ஜ் கதவுல ஒட்டினா. தண்ணி எடுக்கணும்னா அவன் மூஞ்சியைப் பிடிச்சுத் திறக்கணும். நான் பானைத் தண்ணிக்கு மாறிட்டேன். பிரிட்ஜ் தண்ணி சளி பிடிக்குதுன்னு சொன்னேன். சளி நிஜமாவே பிடிக்கும்.

இருங்க, ஒரு அம்மா வந்திருக்கு. என்னம்மா? காய்ச்சலா? எத்தனை நாளா? மூணு நாளா வச்சுக்கிட்டு மாத்திரை கேக்குற? டாக்டர்கிட்ட காமிச்சுட்டு வா. வெறும் மாத்திரை குடுக்க மாட்டேன். போ, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. பாத்தீங்களா, தப்பா ஒண்ணு குடுத்துட்டா யாருக்குப் பாதகம்? நான் அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு.

போன தை மாசம். காணும் பொங்கலுக்கு மறுநாள். வருஷா வருஷம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்ல, அதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் பழைய உப்பளத்தைக் குடுத்திருந்தாங்க. ஒருத்தர் பாத்து எண்ணிச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும். முப்பது வருஷமா நான் சொல்லுவேன், கூட வர்றவன் எழுதுவான். அன்னைக்கு அவன் சொன்னான், நான் எழுதினேன். டெலஸ்கோப் அவனோடதாச்சே.

‘பவளக்காலி நாப்பத்திரெண்டு, எழுதுங்க அத்தான். ஆலா பதினேழு, எழுதுங்க. கூழைக்கடா ஆறு, எழுதுங்க.’ மரியாதையாத்தான் சொல்லுவான். அவன் மரியாதையில குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு மத்தியானம் பூரா ‘எழுதுங்க, எழுதுங்க’ன்னு கேட்டுப் பாருங்க. என் கையெழுத்து எனக்கே பிடிக்கல அன்னைக்கு.

மலர்க்கொடி சாப்பாடு ரெண்டு டப்பா கட்டிக் குடுத்திருந்தா. ரெண்டுலயும் எலுமிச்சம்பழ சாதம். அவன் டப்பாவைத் திறந்தா, சாதத்துக்கு மேல ஒரு ஆம்லெட். என் டப்பாவுல கோவைக்காய். எனக்குக் கொலஸ்ட்ராலாம். நூத்துத் தொண்ணூத்தெட்டு, அது ஒரு கொலஸ்ட்ராலா? அவன் பாத்தான், ஆம்லெட்டை அப்படியே எடுத்து என் டப்பாவுல வச்சான். ‘அக்காகிட்ட சொல்லாதீங்க அத்தான்.’ தின்னேன். ஆனா ஒருத்தன் எடுத்து வச்சுத் தின்னுறதுல என்ன ருசி இருக்கு, சொல்லுங்க.

ரெண்டரை மணி இருக்கும். வெயில் உப்புத்தண்ணியில பட்டுக் கண்ணு கூசுது. தூரத்துல பூநாரைக் கூட்டம். இந்தப் பக்கம் சாம்பல் நாரைங்க ஒரு ஏழெட்டு, அது அதுவா தனியா நிக்குது. ‘சாம்பல் நாரை எட்டு, எழுதுங்க’ன்னு சொன்னவன், ‘இல்ல, இருங்க’ன்னான். டெலஸ்கோப்பை விட்டுக் கண்ணையே எடுக்கல.

‘அத்தான், இங்க வந்து பாருங்க. எட்டாவதா நிக்கிறது நாரை இல்ல.’

குனிஞ்சு பாத்தேன். முக்கால் கிலோமீட்டர் இருக்கும். கானல்ல ஆடுது. சாம்பல் உடம்பு. கழுத்து கறுப்பா இருக்கிற மாதிரி இருக்கு, நிழலாவும் இருக்கலாம்.

‘பெருங்கொக்கு’ன்னான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். வயல்ல நிக்கிற கொக்கு வேற, இது வேற. பெருங்கொக்கு வடக்க, ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஆயிரக்கணக்குல வந்து இறங்கும். எங்க கரையில யாரும் பாத்து எழுதினது கிடையாது. என் பதினாலு நோட்டுல கிடையாது. நின்னா நாரை மாதிரிதான் தெரியும், தூரத்துல யாரும் ஏமாறலாம். ஆனா பறந்தா ஏமாற முடியாது. நாரை கழுத்தை மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டுப் பறக்கும். பெருங்கொக்கு கழுத்தை முன்னால நீட்டிக்கிட்டுப் பறக்கும். அவ்வளவுதான் விஷயம். மடக்கினா நாரை, நீட்டினா பெருங்கொக்கு. இதை எழிலுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

அவன் அதுக்குள்ள போனை எடுத்துட்டான். திருச்சியில எங்க பறவை சங்கத்துப் பொறுப்பாளர், அவர்கிட்டச் சொல்றான். ‘அத்தான் கூட இருக்காரு சார், ரெண்டு பேரும் பாத்துட்டோம்’னான். அரிய பறவைன்னா ரெண்டு பேர் பாத்துக் கையெழுத்துப் போடணும், அது விதி. நான் இன்னும் பாத்தேன்னே சொல்லல. அதுக்குள்ள என்னை ரெண்டாவது ஆளாக்கிட்டான். முப்பத்தோரு வருஷம் நடந்தவன் ரெண்டாவது ஆளு. அந்த நேரம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னா... ஒண்ணும் இல்ல. கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. வெயில்.

‘பொறு, கிட்டப் போய்ப் பாத்துட்டுச் சொல்லலாம்’னேன். பொறுப்பா ஒரு ஆள் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்? ‘சரி அத்தான்’னு ஸ்டாண்டை மடக்கினான். அதை மடக்க அவனுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். நான் முன்னால நடந்தேன்.

வரப்பு மேலேயே போனா சுத்து. குறுக்க ஒரு பாத்தி, தண்ணி வத்தி, மேல உப்புப் பூத்து வெள்ளை வெளேர்னு காஞ்ச தரை மாதிரி இருந்துச்சு. வர்றவங்க எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான்: வெள்ளையா இருக்கிற இடத்துல கால் வைக்காதீங்க, அடியில உளைச்சேறு. உப்பளத்துல வேலை பாக்குற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு நான் அதுலதான் குறுக்க நடந்தேன். ஏன்னு கேக்காதீங்க. நேரம் மிச்சமாகுமேன்னுதான்.

பத்தடி போயிருப்பேன். வலது கால் முழங்காலுக்கு மேல உள்ள போயிடுச்சு. இழுக்க இழுக்க உள்ளதான் போகுது. செருப்பு வார் எதுலயோ மாட்டிக்கிச்சு. ‘அத்தான் அசையாதீங்க, அசையாதீங்க!’ன்னு ஓடியாந்தான். வந்தவன் கேமராவைக் கழட்டி என் கழுத்துல மாட்டினான், சேறு படக் கூடாதுன்னு. ஸ்டாண்டைப் படுக்க வச்சு அது மேல குப்புறப் படுத்தான். படுத்து ரெண்டு கையையும் தோள்பட்டை வரைக்கும் சேத்துக்குள்ள விட்டு என் செருப்பு வாரைத் தேடுறான். மூஞ்சி சேத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. ‘வலிக்குதா அத்தான், வலிக்குதா?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

அப்பத்தான் அது எழும்புச்சு.

நாங்க போட்ட சத்தத்துல எழும்பியிருக்கும். எழும்பி அந்தப் பக்கம் போகலைங்க. எங்களைப் பாத்து வந்துச்சு. நேரா என் தலைக்கு மேல, இந்தக் கடை சீலிங்குக்கு ரெண்டு மடங்கு உசரம், அவ்வளவுதான். பைனாகுலரே வேண்டாம். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து, நெஞ்சுல கறுப்பு இறகு தொங்குது, கண்ணுக்குப் பின்னால வெள்ளைக் குஞ்சம். கழுத்து ஈட்டி மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு இருக்கு. காலும் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு. ரெக்கைச் சத்தம் கேக்குது. என்னைப் பாத்துச்சுங்க. நம்ப மாட்டீங்க, என்னைப் பாத்துச்சு. முப்பத்தோரு வருஷத்துல அவ்வளவு அழகா ஒண்ணை நான் பாத்ததில்ல. கண்ணுல தண்ணி வந்துச்சு.

கேமரா என் கழுத்துலதான் தொங்குச்சு. எந்தப் பட்டனை அழுத்தணும்னு எனக்குத் தெரியாது. சரி, தெரியும். அவன் பின்னாலேர்ந்து எத்தனையோ தடவை பாத்திருக்கேன். கை ஓடல.

அவன் சேத்துக்குள்ளேர்ந்து கேட்டான், ‘என்ன சத்தம் அத்தான்?’

‘பறந்துடுச்சு.’

‘கழுத்து?’

ஒரே வார்த்தைதான் கேட்டான். நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அது பாதி தூரம் போயிடுச்சு, இன்னும் தெரியுது. அவன் தலையைத் தூக்கியிருந்தா பாத்திருப்பான். தூக்கினா என் கால் இன்னும் உள்ள போயிடும்னு தூக்கல.

‘மடக்கித்தான் இருந்துச்சு’ன்னேன்.

நான் என்ன நினைச்சேன்னா, அவன் சண்டை போடுவான்னு நினைச்சேன். ‘இல்ல அத்தான், நான் நல்லாப் பாத்தேன், கழுத்து கறுப்பு’ன்னு சொல்லுவான், நான் விட்டுக்குடுத்துப் ‘போ, உன் ஆசைக்குப் பெருங்கொக்குன்னே எழுதிக்க’ன்னு சொல்லிடலாம்னு வச்சிருந்தேன். சத்தியமா வச்சிருந்தேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தான்னா போதும். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அப்படியா அத்தான். அப்ப நாரைதான். கானல்ல ஏமாந்துட்டேன்.’ சொல்லிட்டு என் காலை இழுத்து வெளிய எடுத்துட்டுச் சிரிக்கிறான். மூஞ்சி பூரா சேறு.

கையைத் துடைச்சுக்கிட்டுக் கேமராவை வாங்கினான். தூரத்துல நின்னப்ப எடுத்த படம் ஒரு அஞ்சாறு இருந்துச்சு, ஒண்ணும் தெளிவா இல்ல. ஒவ்வொண்ணா அழிச்சான். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ‘ஒண்ணாவது இருக்கட்டுமேப்பா’ன்னேன். சொன்னேங்க, நான் சொல்லாம இல்ல. ‘தப்பை எதுக்கு வச்சுக்கணும் அத்தான்’னான். அப்புறம் என்கிட்டத் திரும்பி, ‘சாம்பல் நாரை எட்டு, எழுதுங்க’ன்னான்.

எழுதினேன்.

அதைப் பாக்கத் திருச்சியிலேர்ந்து ரெண்டு காரு கிளம்பியாச்சு. போன் போட்டுத் திரும்பச் சொன்னான். பொறுப்பாளர் கத்தின கத்து எனக்கே கேக்குது. ‘நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா கேமரா?’ன்னாரு. இவன் ‘தப்புதான் சார், தப்புதான் சார்’னு நிக்கிறான். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் வீட்டுக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்சேன்.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தீங்களா? அங்கதான் எனக்கு வினையே. ஆறு மாசம் கழிச்சு நாகப்பட்டினத்துல புதுசா வர்றவங்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம். இவனைப் பேசச் சொன்னாங்க. மேடையேறி, அறுபது பேரு முன்னாடி, இதையே கதையாச் சொல்றான். ‘ஆசை கண்ணை மறைச்சுடும். அன்னைக்கு எங்க அத்தான் மட்டும் இல்லைன்னா நான் பொய்யான ஒரு பறவையை இந்தக் கரைக்கு வரவழைச்சிருப்பேன்’னான். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துக் கை தட்டுறாங்க. அப்புறம் அவனைப் பாத்து அதைவிட அதிகமாத் தட்டுறாங்க. ‘எவ்வளவு நேர்மை, எவ்வளவு பணிவு’ங்குறாங்க. கண்டுபிடிச்சாலும் அவனுக்குத்தான் கைத்தட்டு. ஏமாந்தாலும் அவனுக்குத்தான் கைத்தட்டு. நான் என்னதாங்க பண்ணுறது?

அதுக்கப்புறம் அவன் தனியா எதையும் எழுதுறதில்ல. மீன்கொத்தியைப் பாத்தாக்கூட போன் பண்ணி, ‘அத்தான், அது மீன்கொத்திதானே?’ங்குறான். முதல்ல விளையாட்டுக்குக் கேக்குறான்னு நினைச்சேன். இல்ல, நிஜமாவே கேக்குறான். வர்ற தை மாசக் கணக்கெடுப்புக்கு நம்ம வட்டாரத்துப் பொறுப்பை அவனுக்குத் தர்றோம்னாங்க. ‘என் கண்ணை நம்பி யாரும் வர வேண்டாம்’னு சொல்லிட்டான். போன மாசம் கேமராவைக் கொண்டாந்து இங்க வச்சுட்டான். இதோ, இந்த அலமாரிக்கு அடியில, ஓ.ஆர்.எஸ். பெட்டிக்குப் பின்னால. ‘உங்ககிட்ட இருந்தா உபயோகமா இருக்கும் அத்தான்’னான். நான் இன்னும் பையைத் திறக்கல.

என்னப்பா? இருமல் மருந்தா? வறட்டு இருமலா, சளி இருமலா? சளி வருதா. இதைக் கொண்டு போ. ராத்திரி ஒரு மூடி.

எழில் திரும்ப சிங்கப்பூர் போறான். பதினெட்டாம் தேதி. பழைய கம்பெனியிலயே கூப்பிட்டிருக்காங்க. ‘இங்க இருக்கணும்னுதான் வந்தேன் அத்தான், அந்தப் பறவைங்களுக்காகத்தான் வந்தேன். எனக்கு அது வரலைன்னு தெரிஞ்சுபோச்சு’ன்னான். மலர்க்கொடி நாலு நாளா அழுதுக்கிட்டு இருக்கா. ‘நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேச்சுன்னா அவனுக்கு வேதவாக்கு’ங்குறா. நான் என்ன சொல்ல? நல்ல சம்பளம். போறவனைத் தடுக்கலாமா? அப்படித் தடுத்தா, தன் பொழப்புக்கு மச்சினனைப் பிடிச்சு வச்சுக்கிட்டான்னு பேச மாட்டாங்களா?

அந்தக் கழுத்து விஷயத்தைச் சொல்லலாம்னு ரெண்டு தடவை போனேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவை அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். இன்னொரு தடவை என்னைப் பாத்ததும் எழுந்து நாற்காலியைக் குடுத்துட்டுத் தரையில உக்காந்தான். அப்படி உக்காந்தா எப்படிங்க சொல்றது?

நீங்க ஏன் எழுதுறதை நிறுத்திட்டீங்க? நான் கதை சொல்லலைங்க. உங்க பட்டியலுக்குத்தான் சொல்றேன். உண்மை பதிவாகணும். நாளைக்கு நான் இல்லாமப் போனா இது யாருக்குத் தெரியும்? எழுதுங்க: பெருங்கொக்கு, ஒண்ணு. தை மாசம், காணும் பொங்கலுக்கு மறுநாள், மத்தியானம் மூணு மணி. பழைய உப்பளம். பறக்கும்போது கழுத்தை நீட்டியிருந்ததுன்னு போட்டுக்குங்க, அது முக்கியம். இந்தக் கரைக்கு இதுதான் முதல் பதிவு. பாத்தவர், வை. தியாகராஜன். ‘வை’ முன்னால வரணும்.

இருநூத்திப் பத்தொம்பதுன்னு ஆகும் எனக்கு.

ரெண்டாவது ஆளா? ரெண்டாவது ஆள் கையெழுத்து இல்லைன்னா, தனி ஆள் பாத்ததுன்னு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுவீங்கல்ல, போட்டுக்குங்க, பரவால்ல. எழில் பேரா? எழில் பேரு எதுக்குங்க? அவன் கூட இருந்தான், இல்லைங்கல. ஆனா அது பறந்தப்ப அவன் அதைப் பாக்கலையே. குனிஞ்சு சேத்துல கையை விட்டுக்கிட்டு இருந்தான்.